குளிசை கொடுத்தால் கடமை தீருமா?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் வைத்தியரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கடல் கடந்து வாழும் எம்மவர் அனுப்பும் பணத்தைக் கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு விற்றமின் வாங்கிக் கொடுக்கலாமா என்ற கேள்வி எம்முன் வைக்கப்பட்டிருக்கின்றது. நல்ல நெஞ்சிலிருந்து பிறந்த கேள்வி இது. ஆயினும், நல்ல நெஞ்சு மட்டும் ஒரு பிள்ளையையும் காப்பாற்றியதில்லை. கொடுப்பது எது, கொள்வோர் யார், கொடுத்த பின்னர் நடப்பது யாது என்பவற்றை ஆராய்ந்து கொடுக்கும் கொடையே கொடையாகும். ஆகவே, இவ்விடயத்தில் உலகம் கற்ற பாடங்களை முதலிற் பார்ப்போம். பின்னர் எமது கடமை இன்னதென்று முடிவு செய்வோம்.

வறிய நாடுகள் பலவற்றில், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, ஆண்டில் இரு முறை விற்றமின் 'ஏ' குளிசை கொடுக்கப்படுகின்றது. குளிசையின் நுனியைக் கத்தரித்து உள்ளிருக்கும் எண்ணெயைக் குழந்தையின் நாவிற் பிழிந்து விடுகின்றார்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஓர் இலட்சம் அலகு. அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு இரண்டு இலட்சம் அலகு. அக்குளிசையின் விலை அமெரிக்க நாணயத்தில் ஏறத்தாழ இரண்டு சதம். ஈரல் இந்த விற்றமினைச் சேமித்து வைக்க வல்லது. ஆதலால், ஒரு முறை கொடுத்தது நான்கு முதல் ஆறு மாதம் வரை பிள்ளைக்கு உதவுகின்றது. இரண்டு சதத்தில் ஓர் உயிர் என்றால் யாருக்குத்தான் கொடுக்க மனம் வராது?

விற்றமின் 'ஏ' எனப்படும் பொருள் வெண்ணெயிலும் முட்டை மஞ்சட் கருவிலும் மீனெண்ணெயிலும் மறைந்திருப்பதை 1913ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். அது இல்லாவிடின் மாலைக்கண் வரும், கண் வறளும், முற்றினால் கருவிழி கரைந்து பார்வையே போய்விடும். அந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்த காலத்தில் டென்மார்க்கிலே நடந்த ஒரு செய்தியைக் கமக்காரர் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும்.

டென்மார்க் பாற்பண்ணைகளால் செழித்த நாடு. அந்நாட்டு வெண்ணெய் இங்கிலாந்தின் சந்தைகளில் நல்ல விலைக்குப் போயிற்று. வெண்ணெயை விற்றுவிட்டு, ஆடை நீக்கிய பாலையும் மலிவான மாற்றுக் கொழுப்பையும் வறியோர் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். விளைவு என்ன? பால் பெருகிய நாட்டிலே பிள்ளைகள் கண்ணிழந்தனர். பிளொக் என்னும் குழந்தை வைத்தியர் இதனை ஆராய்ந்து, உணவிலே கொழுப்பு இன்மையே காரணமென எடுத்துரைத்தார். முதலாம் உலகப் போரின்போது, 1917ஆம் ஆண்டின் இறுதியிலே, வெண்ணெய் பங்கீட்டுக்கு வந்தது. ஆளுக்குக் கிழமைக்குக் கால் கிலோ வெண்ணெய் கட்டுப்பாட்டு விலையிற் கிடைத்தது. அடுத்த ஆண்டிலே அந்தக் கண்ணோய் ஏறக்குறைய மறைந்தது. பங்கீடு நீங்கியதும் நோய் மீண்டும் தலை காட்டிற்று.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். அங்கே எவரும் குளிசை கொடுக்கவில்லை. தருமச் சங்கம் எதுவும் பணம் திரட்டவில்லை. விளைந்த பொருளிலே விளைவித்த நாட்டின் பிள்ளைக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது, அவ்வளவே. உற்பத்தி செய்வோன் வீட்டிலேயே உணவுக் குறை நேரலாம். அதை நீதியான பங்கீடு தீர்க்கலாம். இது முதலாவது பாடம்.

இரண்டாவது பாடம் கொடையைப் பற்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவிலே பால்மா மிதமிஞ்சிக் குவிந்தது. ஆடை நீக்கிய அப்பால்மா உலகின் வறிய நாடுகளுக்கெல்லாம் நன்கொடையாகச் சென்றது. பாலிலிருந்து கொழுப்பை நீக்கும்போது விற்றமின் 'ஏ'யும் நீங்கிவிடுகின்றது. விற்றமின் ஏற்கெனவே குறைந்திருந்த குழந்தைக்கு அந்தப் பால்மாவின் புரதம் கிடைத்ததும் உடல் வேகமாக வளரத் தொடங்கியது. ஈரலில் எஞ்சியிருந்த சிறு சேமிப்பும் வற்றியது. பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில், இத்தகைய பால்மா உண்ட பிள்ளைகளிடையே கண்ணோய் பெருகியதாக வைத்தியர் எழுதினர். நன்கொடைப் பால்மாவிலே விற்றமின் 'ஏ' சேர்க்கும் வழக்கம் 1960களின் நடுப்பகுதியிலேதான் ஏற்பட்டது. கொடுத்தவர் தீயவர் அல்லர். ஆனால், அவர் கொடுத்தது தம்மிடம் மிஞ்சியதை. பிள்ளைக்கு வேண்டியதை அன்று. மிஞ்சியதைக் கொடுப்பதற்கும் வேண்டியதைக் கொடுப்பதற்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு தருமச் சங்கமும் அளந்து பார்த்தல் வேண்டும்.

இனி, குளிசையின் பெருமையைப் பேசுவோம். அதைக் குறைத்துப் பேசுவது நீதியாகாது.

1970களின் பிற்பகுதியில், அல்பிரட் சொமர் என்னும் அமெரிக்கக் கண் வைத்தியர் இந்தோனேசியாவின் சாவகத் தீவிலே பிள்ளைகளின் கண்ணை ஆராய்ந்தார். மாலைக்கண் உள்ள பிள்ளைகள், அடுத்த தடவை பரிசோதிக்கச் சென்றபோது பலர் உயிரோடு இல்லை என்பது பின்னர் கணக்கைப் பார்க்கும்போது தெரிய வந்தது. கண் கெட்டதால் அவர்கள் சாகவில்லை. கண்ணைக் கெடுத்த அதே குறைபாடு, வயிற்றோட்டத்தையும் சின்னமுத்தையும் எதிர்க்கும் வலிமையையும் கெடுத்திருந்தது. இதனைச் சோதித்து அறிவதற்காகச் சுமாத்திராவின் வட முனையான ஆச்சே மாநிலத்தில் 450 கிராமங்கள் தெரிவு செய்யப்பட்டன. ஏறத்தாழப் பாதிக் கிராமங்களில் குளிசை கொடுக்கப்பட்டது. 1986ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அக்கிராமங்களில் ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் இறப்பு நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது.

பலர் நம்பவில்லை. இரண்டு சதக் குளிசைக்கு இத்தனை ஆற்றலா என்று ஐயுற்றனர். அந்த ஐயம் நல்லதே. அதனாலேதான் வேறு நாடுகளிலும் சோதனை நடந்தது. அவற்றுள் ஒன்று எமக்கு மிக அண்மையில், தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் நடந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தோர் 15,419 பிள்ளைகளை ஓராண்டு காலம் தொடர்ந்து பார்த்தனர். அங்கே கொடுக்கப்பட்டது ஆறு மாதத்துக்கொருமுறை பெருங் குளிசை அன்று. கிழமைதோறும் ஒரு சிறு அளவு. நல்ல உணவு உண்ணும் பிள்ளைக்கு ஒரு கிழமையில் உணவிலிருந்தே கிடைக்கக்கூடிய அளவுதான் அது. விற்றமின் பெற்ற பிள்ளைகளிடையே இறப்பு நூற்றுக்கு 54 பங்கு குறைந்திருந்ததாக 1990ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. அந்த முடிவைக் கமக்காரர் கண்கொண்டு வாசியுங்கள். மருந்தென்று கொடுத்தது, சோற்றுக் கோப்பையில் இருந்திருக்க வேண்டிய பொருளே!

நேபாளத்திலும் இத்தகைய பயன் காணப்பட்டது. ஐதராபாத்தை அடுத்த கிராமங்களிற் செய்த சோதனையிலோ பயன் புலப்படவில்லை. எல்லாவற்றையும் ஒருங்கு சேர்த்துப் பார்த்த அறிஞர்கள், இறப்பு நூற்றுக்கு 23 பங்கு குறைகின்றதென்று 1993ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். அதன்பின் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியமும் கனடா அரசும் கனடாவின் தலைநகரில் இயங்கும் 'நியூட்ரிஷன் இன்டர்நஷனல்' என்னும் நிறுவனமும் கோடிக் கணக்கான குளிசைகளை வறிய நாடுகளுக்கு அனுப்பின. கலிபோர்னியாவில் 1994ஆம் ஆண்டு நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போது விற்றமின் கேட்டு வந்த ஒரு வேண்டுகோளிலிருந்து 'விற்றமின் ஏஞ்சல்ஸ்' என்னும் தரும நிறுவனம் பிறந்தது. மருந்துக் கம்பனிகளிடம் கேட்டு வாங்கிக் கொடுக்கத் தொடங்கிய அந்நிறுவனம், பின்னர் பல நாடுகளின் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் விற்றமின் வழங்கும் பெரும் அமைப்பாக வளர்ந்தது.

ஆனால், குளிசை தானாக நடந்து பிள்ளையின் வாய்க்குட் செல்வதில்லை. நேபாளத்தின் மலைகளில் 1993ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தைப் பாருங்கள். அங்கே கிராமத்துப் பெண்களே தொண்டர்களாகி, ஆண்டில் இரு முறை தம்மூர்ப் பிள்ளைகள் அனைவரையும் ஒன்று கூட்டிக் குளிசை கொடுக்கின்றனர். எழுத்தறியாத பெண்களும் அத்தொண்டில் இருந்தனர். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, எந்தப் பிள்ளை வரவில்லை என்பது அவர்களுக்கு மனப்பாடம். கொடையின் பாதி கப்பலில் வருகின்றது. மற்றப் பாதி அந்தப் பெண்களின் கால்களில் நடந்து செல்கின்றது.

இத்துணை நன்மை உண்டென்றால், நாமும் உடனே குளிசை வாங்குவோம் என்று சிலர் எழக்கூடும். சற்றுப் பொறுங்கள். மூன்று தடைகளைச் சொல்லி முடிக்கின்றோம்.

முதலாவது, விற்றமின் 'ஏ' விளையாட்டுப் பொருள் அன்று. மிஞ்சினால் நஞ்சாகும். அளவு மிஞ்சிய பிள்ளைக்குத் தலைவலியும் வாந்தியும் வரும். பச்சைக் குழந்தையின் உச்சி வீங்கும். கருவுற்ற தாய் பேரளவில் உட்கொண்டால் கருவிலுள்ள சிசுவுக்கே ஊறு நேரலாம். எமது நாட்டிலே சுகாதாரப் பகுதியினரே சிறுவர் கிளினிக்குகளில் இந்த விற்றமினைக் கொடுத்து, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டிலும் குறித்து வருகின்றனர். அங்கே ஒரு முறை வாங்கிய பிள்ளைக்கு, இங்கே சங்கத்தாரும் கூட்டம் வைத்து இன்னொரு முறை கொடுத்தால் அது தருமமாகுமா? பதிவேட்டைப் பாராமல் கொடுக்கும் கை, எத்துணை அன்புள்ள கையாயினும், ஆபத்தான கையே.

இரண்டாவது, குளிசையின் பயன் எங்கும் எக்காலமும் ஒரே அளவினது அன்று. வட இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலே பத்து இலட்சம் பிள்ளைகளைக் கொண்டு நடத்திய மாபெரும் சோதனையின் முடிவு 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அங்கே இறப்பு நூற்றுக்கு 4 பங்கு அளவிலேதான் குறைந்தது. அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடிய சிறு வேறுபாடு என்றே கொள்ளப்பட்டது. அச்சோதனை நடத்தப்பட்ட முறையைப் பற்றிப் பெரும் விவாதம் எழுந்ததும் உண்மையே. எனினும், ஒன்று தெளிவு. குறைபாடு கடுமையாக உள்ள இடத்தில், சின்னமுத்தும் வயிற்றோட்டமும் பிள்ளைகளைக் கொல்லும் இடத்தில், குளிசை உயிர் காக்கின்றது. தடுப்பூசியும் நல்ல தண்ணீரும் உணவும் வந்து சேர்ந்த இடத்தில் அதன் வேலை குறைகின்றது. ஆகவே, தேவை உள்ள இடத்தை அறிந்து கொடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, பிறர் கையை நம்பிய பிள்ளையின் நிலை. உலகத்துக்கு உணவும் மருந்தும் வழங்கி வந்த அமெரிக்க அரசின் உதவி நிறுவனமாகிய யூ.எஸ். எயிட், 2025ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. வாஷிங்டனில் எடுத்த ஒரு முடிவு, அந்நகரின் பெயரையே கேட்டறியாத ஒரு தாயின் மடியிலுள்ள பிள்ளையைத் தாக்குகின்றது. கொடுப்போன் மனம் மாறினால் கொடை நின்றுவிடும். உரிமையோ அவ்வாறு நின்றுவிடுவதில்லை. நின்றால் கேட்டுப் பெறலாம். பிள்ளையின் உணவு கொடையாக இருக்கும் வரை, அது இன்னொருவர் நாட்டுத் தேர்தலின் கையில் இருக்கும்.

அன்பர்களே! இனி எமது தீவை நோக்குவோம். கொழும்பிலே பணியாற்றிய நிக்கல்ஸ் என்னும் வைத்தியர், தேரையின் தோலைப் போலச் சொரசொரத்த ஒரு தோல் நோய் ஊட்டக் குறைவால் வருவதென்று 1933ஆம் ஆண்டிலேயே எழுதினார். விற்றமின் குறைவு எமக்குப் புதிய செய்தி அன்று. பின்னாளிலே பெரும் முன்னேற்றம் ஏற்பட்டது. இலவச வைத்தியமும் கல்வியும் கிராமந்தோறும் சென்ற மருத்துவ மாதரும் எமது குழந்தைகளைக் காத்தனர். 1973ஆம் ஆண்டில் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்குமென 'திரிபோஷா' என்னும் சத்துமா வந்தது. சோளம், சோயா, பால்மா ஆகியவற்றோடு விற்றமினும் கலந்த உணவு அது. தொடக்கத்தில் அதுவும் வெளிநாட்டு உதவியிலே தங்கியிருந்தது. காலப்போக்கில் எமது மண்ணின் சோளத்தையும் சோயாவையும் வேண்டி நின்றது.

அதற்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டில் இரசாயன உரம் ஒரே நாளில் தடை செய்யப்பட்டது. வயலும் தோட்டமும் வாடின. அடுத்த ஆண்டிலே நாட்டின் கருவூலம் வறண்டது. குழந்தைகளுக்கு ஏற்ற தரமான சோளம் போதிய அளவு கிடையாமையால், மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான திரிபோஷா உற்பத்தி 2022ஆம் ஆண்டிலே தடைப்பட்டது. எந்தக் காலத்தில் பிள்ளைக்கு அது மிக வேண்டியதாயிருந்ததோ, அந்தக் காலத்திலேயே அது இல்லாமற் போயிற்று. கமக்காரனின் வரப்பிலே செய்த பிழை, குழந்தையின் கோப்பையிலே போய் முடிந்தது. சத்துமா ஆலையிலே பிறப்பதில்லை, அன்பர்களே; தோட்டத்திலே பிறக்கின்றது.

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு அரசாங்கம் நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குறுகியிருந்தனர். தேயிலைத் தோட்டப் பகுதிகளிலோ அத்தொகை நூற்றுக்கு 32. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தரும் மலையகத் தொழிலாளியின் பிள்ளை, பிறர் பிள்ளையிலும் குறுகி நிற்கின்றது. டென்மார்க்கின் வெண்ணெய்க் கதையும் எமது தேயிலைக் கதையும் ஒன்றாகத் தோன்றவில்லையா? இந்தக் குறுகலைக் குளிசை நிமிர்த்தாது. விற்றமின் 'ஏ' கண்ணைக் காக்கும், உயிரைக் காக்கும், வெறும் வயிற்றை நிரப்பாது. அங்கே வேண்டியது போதிய கூலி, நல்ல தண்ணீர், வேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளைக்கு வயிறார ஒரு நேர உணவு.

அப்படியானால் எமது ஊர்ப் பணத்தை என்ன செய்வது? நாம் கொண்ட முடிவைச் சொல்கின்றோம்.

விற்றமின் 'ஏ' குளிசையை நாமே வாங்கி நாமே வழங்குதல் வேண்டாம். அது சுகாதாரப் பகுதியினரின் வேலை. எமது வேலை, ஒரு பிள்ளையும் கிளினிக்கைத் தவறவிடாமற் பார்ப்பது. கூலிக்குப் போகும் தாய்க்கு அன்றைய நாட்கூலியும் வண்டிச் செலவும் கொடுத்தால், பத்துக் குளிசையிலும் அது பெரிய கொடை. கிளினிக்கிலே மருந்து தட்டுப்பட்டால், அதிகாரிகளிடம் கூட்டாகச் சென்று கேட்போம். கெஞ்சிக் கேட்கத் தேவையில்லை. வரி கொடுக்கும் மக்களாகக் கேட்போம். உலகத்தின் கடும் வறுமைப் பகுதிகளுக்குக் கொடுக்க விரும்புவோர், அங்கே பதிவேடும் தொண்டரும் வைத்து வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் கொடுக்கட்டும். அது வேண்டிய கொடையே.

வைத்தியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அறிவு கிளினிக்கின் கதவோடு நின்றுவிடக் கூடாது. சீம்பாலை வீணாக்காது குழந்தைக்கு ஊட்ட வேண்டும் என்பதையும், தாய்ப்பாலே முதல் விற்றமின் என்பதையும் வீடு வீடாகச் சொல்லுங்கள். சின்னமுத்து வந்த பிள்ளைக்கு விற்றமின் 'ஏ' உயிர் காக்கும் மருந்து. 1932ஆம் ஆண்டிலேயே இலண்டனில் 600 பிள்ளைகளைக் கொண்டு இதனைச் சோதித்தனர். மீனெண்ணெய்ச் சத்துப் பெற்ற 300 பேரில் 11 பேரும், பெறாத 300 பேரில் 26 பேரும் இறந்தனர். ஆயினும் உலகம் அதை ஐம்பது ஆண்டுகள் மறந்திருந்தது. அறிவு ஏட்டிலே உறங்கினால் பிள்ளை மண்ணிலே உறங்கும்.

கமக்காரப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. கீரை உண்டால் போதும் என்று நாம் மேடையிலே சொல்லிக் கைதட்டு வாங்கலாம். உண்மை அத்துணை எளிதன்று. இந்தோனேசியத் தாய்மாருக்கு நாடோறும் கீரை கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த அளவு விற்றமின் உடலிற் சேரவில்லை என்று 1995ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டனர். கீரையிலுள்ள சத்து இலையின் நாருக்குள் சிறைப்பட்டுக் கிடக்கின்றது. கொழுப்பின்றி அது உடலிற் சேராது. ஆகவே, முருங்கை இலையையும் பொன்னாங்காணியையும் மசித்து, தேங்காய்ப் பாலோ நல்லெண்ணெயோ சேர்த்து ஊட்டுங்கள். மாம்பழமும் பப்பாப்பழமும் பூசணியும் கீரையிலும் எளிதாகச் சத்தைத் தருவன. முட்டையும் பாலும் சிறு மீனும் அவற்றிலும் மேலானவை. சந்தைக்கு நூறு முட்டை போனால், வீட்டுப் பிள்ளைக்கு ஒரு முட்டை நிற்கட்டும். பாலை விற்றுவிட்டுப் பால்மா வாங்கும் வழக்கம் உள்ள வீடுகள், டென்மார்க்கின் கதையை இன்னொரு முறை எண்ணிப் பார்க்கட்டும்.

எம்மிடம் சேரும் பணம் பாலர் பாடசாலைகளுக்குச் செல்லட்டும். ஒவ்வொரு பாலர் பாடசாலையின் வேலியோரமும் முருங்கையும் பப்பாசியும் நிற்கட்டும். ஊர்த் தோட்டத்தின் முட்டையையும் பழத்தையும் சங்கம் நியாய விலைக்கு வாங்கி அப்பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும். அதனால் பிள்ளையும் வாழும், கமக்காரனும் வாழ்வான். வருகின்ற பணம் ஒரு நாள் நின்றாலும், நட்ட மரம் நிற்கும்.

பெரியோர்களே! குளிசை ஓர் ஊன்றுகோல். விழுந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு ஊன்றுகோல் வேண்டும்; அதை மறுப்பவன் இரக்கமற்றவன். ஆனால், தலைமுறை தலைமுறையாக ஊன்றுகோலையே கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று வீடு திரும்புபவனும் பிள்ளையின் நண்பன் அல்லன். அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். மண்ணிலே செய்ய வேண்டியதைச் செய்வோம். அடுத்த கிளினிக் நாளிலே வராத பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று தேடிச் செல்வதிலிருந்து எமது வேலை தொடங்கட்டும்.